முதலுக்கு மோசம் வராமல் கிரிப்டோ: புதிதாக இறங்குகிறவர்களுக்கு ஒரு நிதான வழி

1,000 டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 50 சதவீதம் ஏறி 1,500 ஆகிறது. அடுத்த மாதம் 40 சதவீதம் இறங்குகிறது. ஐம்பது பெரிது, நாற்பது சிறிது, ஆக லாபத்தில்தான் இருப்போம் என்று மனம் கணக்குப் போடும். கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தால் கையில் நிற்பது 900. இதே ஏற்றமும் இறக்கமும் சேர்ந்த சுற்று பத்து முறை வந்தால் மிச்சம் 349 டாலர்.

இன்னொருவர் இருக்கிறார். ஒரு மாதம் 6 சதவீதம் லாபம், மறுமாதம் 4 சதவீதம் நஷ்டம். வெளியே சொல்லவே கூச்சப்படும் எண்கள். அவரும் பத்துச் சுற்று போனால் ஏறத்தாழ 1,190 டாலரில் இருப்பார்.

கிரிப்டோவில் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ‘எந்தக் காயின் ஏறும்?’ என்பது. எனக்குத் தெரியாது. சொல்கிறவர்களுக்கும் தெரியாது. ஆனால் ஒரு முறை தப்பாகப் போனால் எவ்வளவு போகும் என்பதை வாங்குவதற்கு முன்பே நாம் முடிவு செய்துவிடலாம். அது ஒன்றுதான் முழுக்க நம் கையில் இருக்கிறது. கீழே சொல்லப்போவது எல்லாமே அந்த ஒன்றைச் சுற்றித்தான். இதைப் படித்துவிட்டு ‘இதெல்லாம் எனக்கு வேண்டாம்’ என்று ஒதுங்கினாலும் அதுவும் நல்ல முடிவுதான்.

முதல் படி: எவ்வளவு பணம், எவ்வளவு காலம்

பிட்காயின் 2017 டிசம்பரில் 20,000 டாலரை நெருங்கியது. சரியாக ஓராண்டு கழித்து 3,200 டாலர் அளவில் கிடந்தது. மறுபடி 20,000-ஐத் தாண்டியது 2020 டிசம்பரில். அடுத்த உச்சம் 2021 நவம்பரில், சுமார் 69,000 டாலர். மறு ஆண்டு நவம்பரில் 16,000-க்கும் கீழே. பழைய உச்சத்தைத் திரும்ப எட்டியது 2024 மார்ச்சில்.

இருப்பதிலேயே பெரிய, பழைய நாணயத்தின் கதை இது. உச்சத்தில் வாங்கியவர் ஒரு முறை மூன்று ஆண்டும், இன்னொரு முறை இரண்டே கால் ஆண்டுக்கு மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் முக்கால் பங்கு காணாமல் போனதைத் தினமும் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்கள். மற்ற நாணயங்களில் பல திரும்பி வரவே இல்லை.

ஆகவே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் போடும் தொகையில் 80 சதவீதம் போய், மூன்று வருடம் திரும்பாவிட்டால் வீட்டில் ஏதாவது நிற்குமா? வாடகை, படிப்புச் செலவு, மருந்து எது நின்றாலும் தொகை அதிகம். குறையுங்கள். கடன் வாங்கிப் போடுவதைப் பற்றி எழுதக்கூட வேண்டியதில்லை. வட்டி மாதாமாதம் வரும், விலை மட்டும் தன் இஷ்டத்துக்கு வரும்.

இந்தத் தொகைக்கு இனி ‘முதல்’ என்று பெயர். கணக்குக்கு வசதியாக 2,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உங்களுடையது அதில் பத்தில் ஒன்றாக இருந்தாலும் விகிதங்கள் மாறாது.

இரண்டாவது: கணக்குத் திறப்பது

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் நாட்டில் முறைப்படி பதிவான எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விற்கும் தளம்) ஒன்றில் கணக்குத் திறங்கள். பாஸ்வேர்டை வேறு எங்கும் பயன்படுத்தாதீர்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை எஸ்.எம்.எஸ்.ஸில் வைக்காமல் அதற்கான செயலியில் வையுங்கள். சிம் கார்டை ஏமாற்றி மாற்றிக்கொள்கிற திருடர்கள் இருக்கிறார்கள்.

பலரும் விட்டுவிடும் ஒன்று: பணம் போட்ட முதல் வாரத்திலேயே ஒரு சின்னத் தொகையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். வங்கிக்கு வந்து சேருகிறதா, எத்தனை நாளாகிறது, எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதை அப்போதே தெரிந்துகொள்ளலாம். உள்ளே விடும் கதவு எல்லா இடத்திலும் அகலமாகத்தான் இருக்கும். வெளியே வரும் கதவைச் சோதிக்க வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது வங்கி இல்லை. 2014 பிப்ரவரியில் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது சுமார் 8.5 லட்சம் பிட்காயின் காணோம் என்றார்கள். பிறகு அதில் 2 லட்சம் கிடைத்தது. 2022 நவம்பர் 11 அன்று எஃப்டிஎக்ஸ் திவால் மனு போட்டது. ஒரு வாரத்துக்கு முன்புவரை உலகின் முன்னணி எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்றாக இருந்த நிறுவனம் அது. அதனால் நீண்ட காலம் வைத்திருக்கப்போகிற நாணயம் ஓரளவு சேர்ந்ததும் உங்கள் சொந்த வாலட்டுக்கு (நாணயத்தின் சாவியை நீங்களே வைத்திருக்கும் செயலி அல்லது கருவி) மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த வாலட் சாவியாகத் தரும் 12 அல்லது 24 சொற்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், மெயிலில் வைக்காதீர்கள். அந்தச் சொற்களை யார் கேட்டாலும், வாடிக்கையாளர் சேவை என்று சொல்லிக் கேட்டாலும், கேட்பவர் திருடர்.

மூன்றாவது: ஸ்பாட் மட்டும்

செயலியைத் திறந்ததும் ‘ஸ்பாட்’, ‘ஃபியூச்சர்ஸ்’ என்று இரண்டு பக்கம் தெரியும். ஸ்பாட்டில் காசு கொடுத்துக் காயின் வாங்குகிறீர்கள், அது உங்களுடையது. விலை பாதியானாலும் எண்ணிக்கை குறையாது. ஃபியூச்சர்ஸில் சிறு தொகையை ஈடாக வைத்துப் பல மடங்குக்கு வியாபாரம் செய்கிறீர்கள். அந்த மடங்குக்குப் பெயர் லெவரேஜ். 10 மடங்கு எடுத்தால் விலை 10 சதவீதம் எதிராக நகர்ந்ததும் ஈடு முழுக்கக் காலி. உண்மையில் அதற்குச் சற்று முன்பே எக்ஸ்சேஞ்ச் தானாக விற்றுவிடும். அதுதான் லிக்விடேஷன். 100 மடங்கில் 1 சதவீத அசைவே போதும். பிட்காயின் 1 சதவீதம் அசைவதற்கு ஒரு காரணமும் தேவையில்லை.

நானும் இதில் கையைச் சுட்டுக்கொண்டவன். ஆரம்பித்த மூன்றாவது மாதம், 200 டாலர் ஈடு, 20 மடங்கு, ஏறும் என்ற பக்கம். இரவு பதினொரு மணிக்கு 30 டாலர் லாபம் காட்டியது. நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால் விலை நான் தூங்கப் போனபோது இருந்ததைவிடக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. என் கணக்கில் மட்டும் சைபர். சார்ட்டை நெருக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: விடியற்காலை மூன்று மணிவாக்கில் மெல்லிய குச்சிபோல் ஒரு கோடு கீழே இறங்கி, ஏழெட்டு நிமிடத்தில் மேலே ஏறியிருந்தது. அந்தக் குச்சியின் நுனி என்னைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. நான் நினைத்த திசை சரி. பணம் போனது போனதுதான்.

இது எனக்கு மட்டும் நடந்த கதையில்லை. 2025 அக்டோபர் 10 அன்று, சீனப் பொருள்கள் மீது கூடுதலாக 100 சதவீத வரி என்று அமெரிக்க அதிபர் அறிவித்ததைத் தொடர்ந்து, ஒரே நாளுக்குள் சுமார் 1,900 கோடி டாலர் மதிப்புள்ள லெவரேஜ் வியாபாரங்கள் இப்படித் தானாக மூடப்பட்டன. பல சிறு நாணயங்கள் சில நிமிடங்களில் பாதிக்கும் மேல் விழுந்தன. அன்று ஸ்பாட்டில் பிட்காயின் வைத்திருந்தவருக்கு அது ஒரு மோசமான நாள். ஃபியூச்சர்ஸில் இருந்த பலருக்கு அதுவே கடைசி நாள்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். பெர்பெச்சுவல் என்கிற காலவரையற்ற ஃபியூச்சர்ஸில் பெரும்பாலும் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ‘ஃபண்டிங்’ என்று ஒரு தொகை கைமாறும். சந்தை ஏறும் என்ற நம்பிக்கையில் இருக்கும்போது அதைக் கொடுப்பவர் வாங்கிய பக்கத்தில் இருப்பவர். பல இடங்களில் சாதாரண அளவு 0.01 சதவீதம். ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் அது உங்கள் ஈட்டின் மீது இல்லை, மொத்த வியாபாரத்தின் மீது. 100 டாலர் ஈட்டில் 20 மடங்கு என்றால் 2,000 டாலருக்கு 20 காசு (சென்ட்). நாளைக்கு மூன்று முறை. மாதத்துக்கு 18 டாலர். விலை அசையாமல் நின்றாலே உங்கள் 100-இல் 18 போய்விட்டது.

முதல் ஒரு வருடம் ஃபியூச்சர்ஸ் பக்கத்தைத் திறக்காதீர்கள். அதன் பிறகும் திறக்காமல் இருந்தால் நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை.

நான்காவது: எதை வாங்குவது

பிட்காயின், ஈதர். புதியவருக்கு இந்த இரண்டும் போதும். இவை ஏறும் என்று நான் சொல்லவில்லை. வாங்கவும் விற்கவும் எந்த நேரமும் ஆள் இருக்கிறார்கள், அதனால்.

அது ஏன் முக்கியம் என்று ஒரு சின்ன காயினின் ஆர்டர் புக்கை (யார் எந்த விலைக்கு எத்தனை வாங்க, விற்கத் தயார் என்ற பட்டியல்) திறந்து பார்த்தால் புரியும். விலை 1 டாலர் என்று காட்டும். ஆனால் 1.00-க்கு விற்கத் தயாராக 300 காயின்தான் இருக்கிறது. அடுத்த 400 காயின் 1.03-க்கு. அதற்கு மேல் 1.08. நீங்கள் 1,000 டாலருக்கு, கிடைக்கிற விலைக்கு உடனே வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போடுகிறீர்கள். முதல் 300-ஐ 300 டாலருக்கு எடுக்கிறது. அடுத்த 400-ஐ 412 டாலருக்கு. மீதி 288 டாலருக்கு 1.08 விலையில் சுமார் 267 காயின். மொத்தம் 967 காயின் கையில். சரி, மனம் மாறி உடனே விற்கலாம் என்றால் வாங்கத் தயாராக இருப்பவர் 0.97 என்கிறார். கிடைப்பது 938 டாலர். விலை இறங்கவே இல்லை. வாங்கி விற்றதிலேயே 62 டாலர் போயிற்று.

இதற்காகத்தான் லிமிட் ஆர்டர் பழக வேண்டும். ‘இந்த விலைக்குக் கிடைத்தால் வாங்கு, இல்லாவிட்டால் வேண்டாம்’ என்பதுதான் லிமிட் ஆர்டர். சில நேரம் கிடைக்காமல் போகும். போகட்டும்.

ஐந்தாவது: தவணையாக வாங்குவது

‘முதல்’ தொகையில் பாதியை, நம் கணக்கில் 1,000 டாலரை, வியாபாரத்துக்கு என்றே வைக்காதீர்கள். அதைச் சம பங்காகப் பிரித்து, மாதம் ஒரு தேதியில், விலையைப் பார்க்காமல் வாங்குங்கள். பத்து மாதம், மாதம் 100.

நான்கு தவணைக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு காயின் விலை முதல் மாதம் 100, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் மாதம் 25, நான்காம் மாதம் 50. ஒவ்வொரு மாதமும் 100 டாலர் போட்டவருக்குக் கிடைப்பது 1, 2, 4, 2 என்று மொத்தம் 9 காயின். போட்டது 400. நான்காம் மாத விலையில் மதிப்பு 450. ஆரம்ப விலையில் பாதிதான் இருக்கிறது, ஆனாலும் அவர் லாபத்தில் இருக்கிறார். முதல் மாதமே 400-ஐயும் கொட்டியவர் கையில் 200.

விலை நேராக ஏறிக்கொண்டே போயிருந்தால் மொத்தமாகப் போட்டவர்தான் ஜெயித்திருப்பார். அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தவணை முறை அதிக லாபத்துக்கான தந்திரம் இல்லை. தப்பான நாளில் மொத்தத்தையும் போட்டுவிடாமல் இருக்க ஒரு தடுப்பு. அப்புறம், விழுந்து எழும் நாணயத்துக்குத்தான் இந்தக் கணக்கு. விழுந்தது எழவே எழாது என்றால் தவணையாக வாங்கியவரும் தவணை தவணையாக இழப்பார். மேலே இரண்டே பெயர் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறாவது: வியாபாரம் செய்யும் பாதி

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். இங்கே அளவுகோல் 1 சதவீதம். ஒரு வியாபாரம் தப்பாகப் போனால் மொத்த முதலில் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 2,000 டாலருக்கு 20 டாலர்.

இதைப் புதியவர்கள் ‘20 டாலருக்குத்தான் வாங்க வேண்டும் போல’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. 100 டாலர் விலையில் ஒரு நாணயத்தை வாங்க நினைக்கிறீர்கள். சார்ட்டில் சமீபத்தில் அது விழுந்து திரும்பிய இடம் 93. அதற்கும் கீழே போனால் உங்கள் கணிப்பு தப்பு என்று அர்த்தம். ஆகவே 92-இல் ஸ்டாப் லாஸ், அதாவது விலை அங்கே இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர், வைக்கிறீர்கள். ஒரு காயினுக்கு நஷ்டம் 8 டாலர். 20-ஐ 8-ஆல் வகுத்தால் 2.5 காயின். ஆக 250 டாலருக்கு வாங்கலாம். வேறொரு நாணயத்தில் ஸ்டாப் 96-இலேயே வைக்க முடிகிறது என்றால் 5 காயின், 500 டாலர்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் எங்கே தப்பு என்று ஒத்துக்கொள்வோம் என்ற இடம். பிறகு நஷ்டத்தின் அளவு. கடைசியில்தான் எத்தனை வாங்குவது. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஆசைக்கு ஏற்ற அளவில் வாங்கிவிட்டு, வலிக்கும்போது எங்கே விற்பது என்று யோசிக்கிறார்கள்.

1 சதவீதம் ஏன்? தொடர்ந்து பத்து முறை தப்பாகப் போவது யாருக்கும் நடக்கும். ஒவ்வொரு முறையும் 1 சதவீதம் இழந்தவரிடம் பத்து அடிக்குப் பிறகும் 90 சதவீதம் இருக்கும். 10 சதவீதம் இழந்தவரிடம் 35. 20 சதவீதம் இழந்தவரிடம் 11. 10 சதவீத நஷ்டத்தை ஈடுகட்ட 11 சதவீதம் சம்பாதித்தால் போதும். 50 போனால் 100 சதவீதம் வேண்டும். 90 போனால் 900 சதவீதம். குழி ஆழமாக ஆக, ஏணி அதைவிட வேகமாக நீளமாகிறது.

லாபப் பக்கம்: நஷ்டத்துக்கு வைத்த தூரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் விற்கும் விலை. மேலே சொன்ன உதாரணத்தில் 116. அப்படி வைத்தால் பத்தில் நான்கு முறை சரியாகப் போனாலே போதும்: நான்கு முறை 40 டாலர், ஆக 160, ஆறு முறை 20 டாலர் நஷ்டம், ஆக 120. மிச்சம் 40. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் வாங்க 0.1, விற்க 0.1 சதவீதம் என்று வைத்தால் பத்து வியாபாரத்துக்கு 5 டாலர் போகும். 35 டாலர் நிற்கும். 2,000-க்கு 1.75 சதவீதம். பத்தில் ஆறு முறை தோற்றுவிட்டுக் கிடைத்த லாபம் இது!

ஸ்டாப் லாஸ் பற்றி இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அது உத்தரவாதம் இல்லை. விலை ஒரேயடியாக விழும்போது 92-இல் வைத்தது 90-இல் விற்கப்படலாம். குறித்த விலைக்குக் கீழே விற்காத ஸ்டாப் லிமிட் என்ற வகையில் விற்காமலே போய்விடவும் கூடும். வெளியேறியே ஆக வேண்டும் என்றால், கிடைக்கிற விலைக்கு விற்கும் ஸ்டாப் மார்க்கெட். இரண்டு, விலை 93-க்கு வந்ததும் ‘இன்னும் கொஞ்சம் இடம் கொடுப்போம்’ என்று ஸ்டாப்பை 88-க்கு நகர்த்தத் தோன்றும். கை அரிக்கும். முதல் முறை நகர்த்தியபோது விலை திரும்பி வந்துவிட்டால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

சிறு லாபம் என்ற பெயரில் ஒரு பொறி

நிதானமாகப் போக வேண்டும் என்று சொன்னால் சிலர் இப்படிப் புரிந்துகொள்கிறார்கள்: ‘1 சதவீதம் லாபம் வந்ததும் விற்றுவிடுவேன். நஷ்டத்தில் மட்டும் விற்க மாட்டேன். எப்படியும் ஒருநாள் ஏறாமலா போகும்?’ பார்க்க இதைவிட ஜாக்கிரதையான ஆள் இல்லை என்பது போலிருக்கும். ஒவ்வொரு வியாபாரமும் பச்சையில் முடியும்.

கணக்கைப் பாருங்கள். 250 டாலருக்கு 1 சதவீதம் என்றால் இரண்டரை டாலர். முப்பது முறை ஜெயித்தால் 75. முப்பத்தொன்றாவது காயின் 60 சதவீதம் விழுந்து அங்கேயே படுத்துவிடுகிறது. நஷ்டம் 150. இரண்டு மாத உழைப்பு போய், அதற்கு மேல் 75 டாலர் முதலிலும் கடித்துவிட்டது. இதைவிட மோசம், விழ விழ இன்னும் வாங்கிச் சராசரியை இறக்குவது. ஐந்தாவது படியில் சொன்ன தவணைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். அங்கே தொகையும் தேதியும் முன்கூட்டியே முடிவானவை. இங்கே ஒவ்வொரு கூடுதல் காசும் பயத்தில் போடுவது.

தானாக வாங்கி விற்கும் மென்பொருளான ‘பாட்’ விற்பவர்கள் காட்டும் ‘95 சதவீத வெற்றி’ பலவற்றின் உள்ளே இருப்பதும் இதேதான்: தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாகப் போடு. 20 டாலரில் தொடங்கினால் 40, 80, 160, 320, 640. ஆறு முறை தொடர்ந்து தோற்றால் போனது 1,260. ஏழாவது முறைக்கு 1,280 வேண்டும்; கையில் இருப்பது 740. நாணயம் சுண்டிப் பார்க்கும் ஆட்டத்தில் அடுத்த ஆறும் தோல்வியாக இருக்க 64-க்கு ஒரு வாய்ப்பு. அபூர்வம்போலத் தெரியும். தினமும் நாலு முறை சுண்டுகிறவருக்கு அது அபூர்வம் இல்லை.

‘நிலையான வருமானம்’ விற்பவர்கள்

குறைந்த லாபம் போதும் என்று நினைப்பவர்களைத் தேடி வருகிற ஆபத்து இன்னொன்று. பேராசைக்காரர்களைவிட நிதானக்காரர்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது.

பிட்கனெக்ட் என்ற முதலீட்டுத் திட்டம் தினம் ஏறத்தாழ 1 சதவீதம் என்றது. ஒன்றுதானே என்று தோன்றும். அதைக் கூட்டுவட்டியாகப் போட்டால் ஒரு வருடத்தில் 37 மடங்குக்கு மேல். 1,000 டாலர் மூன்று வருடத்தில் 5 கோடி டாலரைத் தாண்டும். உலகில் யாரும் அப்படித் தர முடியாது. 2018 ஜனவரியில் கடையை மூடினார்கள்.

ஆங்கர் என்ற இன்னொரு திட்டம் அடக்கமாகப் பேசியது: எப்போதும் ஒரு டாலர் மதிப்பில் நிற்கும் என்று சொல்லப்பட்ட யுஎஸ்டி (UST) என்ற ஸ்டேபிள்காயினை வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 19.5 சதவீதம். 2022 மே மாதத்தில் அந்தக் காயின் டாலரிலிருந்து அறுந்தது. அதோடு இணைந்த லூனா மாதத் தொடக்கத்தில் 80 டாலர் அளவில் இருந்தது, ஒரு வாரம் பத்து நாளில் ஒரு காசுக்கும் கீழே. கிரிப்டோவை வாங்கி வைத்து வட்டி தரும் செல்சியஸ் நிறுவனம் வாராவாரம் வட்டி போட்டது. 2022 ஜூன் 12 அன்று, இனி பணம் எடுக்க முடியாது என்று அறிவித்தது. அதன் நிறுவனருக்கு 2025 மே மாதம் 12 ஆண்டு சிறை.

யாராவது நிலையான வருமானம் என்றால் கேளுங்கள்: இந்த வட்டியை யார் கொடுக்கிறார், எதற்காகக் கொடுக்கிறார்? ஈதரை ஈடாகப் பூட்டி வைக்கும் ‘ஸ்டேக்கிங்’கில் பதில் இருக்கிறது. ஈதர் ஓடும் வலைப்பின்னலின் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் வேலைக்கு அந்த வலைப்பின்னலே புது ஈதரையும் கட்டணத்தையும் தருகிறது. ஆண்டுக்கு 3 சதவீதம் அளவில். அதுவும் ஈதரில்தான் வரும். ஈதரின் விலை பாதியானால் அந்த 3 சதவீதம் எந்த மூலைக்கு? பதில் புரியாவிட்டாலும், பதில் சொல்பவர் கோபப்பட்டாலும், பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஸ்டேபிள்காயின்களையும் பணம் என்றே நினைத்துவிட வேண்டாம். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது, தன் கையிருப்பில் 330 கோடி டாலரை அங்கே வைத்திருந்த யுஎஸ்டிசி (USDC) என்ற ஸ்டேபிள்காயின் ஒரு டாலரிலிருந்து 88 காசு வரை இறங்கியது. சில நாளில் சரியானது. ஆனால் அந்த வார இறுதியில் பயந்து விற்றவர்கள் விற்றதுதான்.

கணக்கு நோட்டு, கட்டணம், வெளியே எடுப்பது

ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வியாபாரத்துக்கும் ஒரு வரி: தேதி, நாணயம், வாங்கிய விலை, ஸ்டாப், விற்கும் விலை, ஏன் வாங்கினேன். கடைசியில் வரும் அந்த ‘ஏன்’ முக்கியம். ‘எல்லாரும் பேசுகிறார்கள்’ என்று கையால் எழுதும்போது நமக்கே வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம் எனக்கு நிறையப் பணம் மிச்சப்படுத்தியிருக்கிறது. வரிக் கணக்குக்கும் இதே நோட்டு உதவும்; விதிகள் நாட்டுக்கு நாடு வேறு, ஆனால் எங்கேயும் ஆவணம் கேட்பார்கள்.

கட்டணத்தைச் சின்னதென்று விடாதீர்கள். வியாபாரத்துக்கு வைத்த பணம் முழுவதையும் ஒரு நாளில் மூன்று முறை வாங்கி விற்றால் 0.6 சதவீதம். மாதம் 18 சதவீதம். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவ்வளவு லாபம் சம்பாதித்த பிறகுதான் பூஜ்யத்துக்கே வருகிறீர்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு வியாபாரம் போதும்.

சந்தை 24 மணி நேரமும் திறந்திருக்கிறது என்பதற்காக நாமும் திறந்திருக்க முடியாது. ஸ்டாப் போட்டாயிற்று, விற்கும் விலையும் போட்டாயிற்று என்றால் செயலியை மூடுங்கள். தொடர்ந்து மூன்று நஷ்டம் வந்தால் அந்த வாரம் விடுமுறை. மாதத்தில் 6 சதவீதம் இறங்கிவிட்டால் அந்த மாதமே விடுமுறை. தவணை வாங்குவது மட்டும் அதன் தேதியில் நடக்கட்டும்.

மாதக் கடைசியில் லாபம் இருந்தால் அதில் பாதியை வங்கிக்கு எடுத்துவிடுங்கள். 35 டாலர் லாபத்தில் பதினேழரை டாலரை எடுப்பது சில்லறை வேலை போலத் தோன்றும். எடுக்கும் கட்டணம் தின்றுவிடும் அளவு சின்னத் தொகை என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுங்கள். மீதிப் பாதி முதலோடு சேரும். அடுத்த மாதம் 1 சதவீதம் என்பது 20 டாலருக்குப் பதில் 20.17. நோட்டில் புது எண்ணை எழுதிக்கொண்டு அங்கிருந்து தொடங்குங்கள்.